கன்று தாங்குகிறது, கறவை ஏன் சாய்கிறது? உண்ணிக் காய்ச்சலும் மாட்டின் வயதும்

ஒரே கட்டுத்தறி, ஒரே உண்ணி. ஆறு மாதக் கன்று துள்ளித் திரிகிறது. உண்ணித் தொல்லை இல்லாத பண்ணையிலிருந்து வாங்கி வந்த கலப்பினக் கறவைக்கோ 106 டிகிரி காய்ச்சல். மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது. "சின்னது தாங்குது, பெருசு படுத்துடுச்சே, டாக்டர்?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இது பேபீசியா: உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் ஏறி, சிவப்பணுக்களை உடைக்கும் ஒட்டுண்ணி நோய். பிறந்ததும் குடித்த சீம்பால் கன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் காவல். அதன் பிறகும் ஒன்பது மாதம் வரை கன்றின் உடம்புக்கே தாக்குப்பிடிக்கும் திறன் உண்டு. அதில் மண்ணீரலின் பங்கு பெரிது. அந்த வயதில் ஒட்டுண்ணி ரத்தத்தில் ஏறினால் பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு தீர்ந்து, எதிர்ப்புச் சக்தி பல ஆண்டுகள் நிற்கும். ஆஸ்திரேலியாவில் உயிருள்ள பேபீசியா தடுப்பூசியை 3 முதல் 9 மாதக் கன்றுகளுக்குப் போடச் சொல்வதும் இதனால்தான். உண்ணியே படாமல் வளர்ந்த மாடு முதல் கடியை ஈன்ற பிறகு வாங்கினால், அதற்கு எந்தக் காவலும் இல்லை.

உண்ணி பரப்பும் இன்னொரு ரத்த நோயான அனபிளாஸ்மாவும் இப்படித்தான்: ஒரு வயதுக்குள் லேசு, மூன்று வயதுக்கு மேல் உயிருக்கே ஆபத்து. இதில் மூத்திரம் சிவக்காது. கண் இமையின் உட்புறம் வெளுத்து, பிறகு மஞ்சளாகும்; சாணம் இறுகும். மூத்திர நிறத்தை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஆனால் "கன்றுக்கு ஒன்றும் ஆகாது" என்று உண்ணியை விட்டுவிடாதீர்கள். உண்ணி பரப்பும் மூன்றாவது நோயான தைலேரியாவில் இந்த வயதுக் கணக்கு செல்லாது. இரண்டு மாதக் கலப்பினக் கன்றும் சாகும். தோளுக்கு முன்னால் நெறி கட்டுவது முக்கிய அடையாளம்; சில கன்றுகளுக்குக் கண்ணும் பிதுங்கும். கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் பூபர்வகோன் தசையில் போடுவதுதான் சிகிச்சை. ரத்தம் வற்றிய பின் போட்டால் பலன் குறைவு. இதைப் பரப்பும் ஹயலோம்மா உண்ணி சுவர் வெடிப்பில் பதுங்கும். மாட்டின் மேல் மட்டும் மருந்து தெளித்தால் போதாது. வெடிப்பைப் பூசி அடைக்க வேண்டும்.

மருந்துக்கு முன், காய்ச்சல் இருக்கும்போதே காது நுனி ரத்தத்தில் ஸ்லைடு எடுக்கச் சொல்லுங்கள். பேபீசியாவுக்கு டிமினசின், அனபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்று மருந்து வேறு வேறு. புதிதாக வந்த கறவைக்கு மூன்று வாரம் காலை மாலை வெப்பமானி வையுங்கள். பேபீசியா பெரும்பாலும் அதற்குள் தலைகாட்டிவிடும். அனபிளாஸ்மா இன்னும் சில வாரம் தாமதித்தும் வரும்.