பழைய பெருங்கணினிக்கு மின்சாரம் கொடுப்பது எப்படி?

கீழடி அருங்காட்சியகத்தில் இருக்கும் பானையை யாரும் அடுப்பில் ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் 1960-களின் பெருங்கணினியை (மெயின்ஃபிரேம்) ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அது கணக்குப் போட்ட விதம் ஓடும்போதுதான் புரியும். அப்படி ஓடும் கணினிகளின் அருங்காட்சியகம் ஒன்று மதுரையில் அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பல ஆண்டுகள் கிடந்த இயந்திரத்துக்கு எடுத்த எடுப்பிலேயே மின்சாரம் கொடுக்கக் கூடாது. காரணம், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர். மின்வழங்கியில் வரிசையாக நிற்கும் பெரிய கண்டன்சர்களுக்குள் அலுமினியத் தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்காப்பு. நெடுங்காலம் பயன்படுத்தாமல் விட்டால், உள்ளிருக்கும் வேதித் திரவம் அந்தப் படலத்தை மெல்ல அரித்துவிடும். அந்த நிலையில் முழு வோல்டேஜைக் கொடுத்தால் மின்சாரம் கசிந்து, சூடேறி, கண்டன்சர் வெடிக்கக்கூடும். எனவே அதைத் தனியே கழற்றி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக வோல்டேஜைப் படிப்படியாக, மணிக்கணக்கில் ஏற்றுவார்கள். அந்த மின்சாரமே படலத்தை மீண்டும் வளர்த்துவிடுகிறது. கசிவு குறைந்துகொண்டே வந்தால் கண்டன்சர் பிழைத்துவிட்டது என்று பொருள். தேறாததை மாற்றும்போது, பழைய உறையைக் காலி செய்து அதற்குள் புதியதைப் பொருத்துவோரும் உண்டு. தோற்றமும் கெடாது, இயந்திரமும் ஓடும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

நினைவகம் இன்னும் அழகானது. கம்பி வலையின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன ஒரு குட்டி வளையம். அது எந்தத் திசையில் காந்தமாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து 0 அல்லது 1. குறுக்குக் கம்பியிலும் நெடுக்குக் கம்பியிலும் பாதிப் பாதி மின்னோட்டம் விட்டால், இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் திசை மாறும். படித்தவுடன் தகவல் அழிந்துவிடுவதால், உடனே திரும்ப எழுதியாக வேண்டும். 1959-இல் அறிமுகமான ஐபிஎம் 1401 கணினி, படித்துத் திரும்ப எழுதும் இந்தச் சுழற்சியை 11.5 மைக்ரோ விநாடியில் முடித்தது. மின்சாரம் போனாலும் வளையங்கள் காந்தத்தை இழப்பதில்லை.

மதுரையில் வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய சோதனையாக இருக்கும். தகவலைத் துளைகளாகப் பதிந்து வைக்கும் துளை அட்டைகள் ஈரம் ஏறினால் உப்பி, படிப்பானில் சிக்கிக்கொள்ளும். காந்த நாடாக்களில் சிலவற்றின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அத்தகைய நாடாவைச் சுமார் 50 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்திய பிறகே ஓட்டலாம். ஆகவே குளிர்விப்பது மட்டும் போதாது, காற்றின் ஈரப்பதத்தையும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும்.

மின்சாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு 1401-கள் ஓடுகின்றன. ஜெர்மனியிலிருந்து வந்த ஒன்று 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி கொண்ட மின்சாரத்துக்கானது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்கு அதிர்வெண் மாற்றி தேவைப்பட்டது. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நமக்கு நிலைமை தலைகீழ். அமெரிக்க இயந்திரத்தை இங்கே அப்படியே இணைத்தால் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடாகும், மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். டிரான்ஸ்பார்மருக்கு அதிர்வெண் மாற்றிதான் வழி. பெல்ட்டில் ஓடும் பகுதிகளுக்கு மோட்டார் புல்லியின் விட்டத்தை ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் பெரிதாக்கினால் வேகம் சரியாகிவிடும். அந்தப் புல்லியைக் கடைந்து தர மதுரை லேத் பட்டறைகளே போதும்.