கார் சாவி தொலைஞ்சா எவ்வளவு ஆகும்? ஒரு சாவி கையில இருக்கும்போதே ஸ்பேர் போட்டுருங்க

போன சாரல் சீசன்ல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், குற்றாலம் ஐந்தருவி பார்க்கிங்ல இருந்து என் சாவிக் கடைக்கு போன் வந்துச்சு. மதுரையில இருந்து குடும்பத்தோட வந்தவர், வண்டி ஸ்விஃப்ட், சாவியை ட்ரவுசர் பாக்கெட்ல போட்டுக்கிட்டே அருவியில இறங்கிட்டார், குளிச்சு முடிச்சு வெளிய வந்து பாத்தா பாக்கெட்ல சாவி இல்ல. "அண்ணே, ஒரு சாவி தானே, வந்து போட்டுக் குடுங்க, ஐநூறு ரூபா சேத்தே வாங்கிக்கோங்க"ன்னார். வீட்ல இன்னொரு சாவி இருக்கா, யாராவது எடுத்துட்டு வர முடியுமான்னு கேட்டேன். செகண்ட்ஸ்ல வாங்குன வண்டி, வாங்கும்போதே ஒரே ஒரு சாவி தான் குடுத்தாங்கன்னு சொன்னார்.

திருநெல்வேலியில இருந்து கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர் போயி, டோர் லாக்கோட உள்அமைப்பைப் படிச்சு கதவைத் திறந்து, அந்த அளவுக்கு சாவி கட்டிங் போட்டு, அப்புறம் வண்டியில சிப்பைப் பதிவு பண்ணி ஸ்டார்ட் பண்றதுக்குள்ள இருட்டிருச்சு. பில் 8,500 ரூபா. அவர் கொஞ்சம் அதிர்ச்சியாயிட்டார், ஈரத் துணியோட நின்ன பிள்ளைகளைப் பாக்க எனக்கும் கஷ்டமாத் தான் இருந்துச்சு. இதே வண்டிக்கு கையில ஒரு சாவியோட கடைக்கு வந்திருந்தா 3,000 ரூபாய்க்குள்ள முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். இந்த வித்தியாசம் ஏன் வருதுன்னு நிறைய பேருக்குத் தெரியல, அதான் எழுதுறேன்.

சாவின்னா இரும்பு தானேன்னு நினைக்கிறோம். பழைய மாருதி 800, அம்பாசடர் காலத்துல அது சரி, மிஷின்ல வச்சு ஒரு இழுப்பு, 100 - 200 ரூபா, முடிஞ்சுது. இப்ப சாவியோட தலைக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கு, அதுக்கு பேட்டரியே கிடையாது. இக்னிஷன்ல சாவியைப் போட்டதும் லாக்கைச் சுத்தி இருக்கிற காயில் அந்த சிப்புக்கு கரண்ட் குடுத்து எழுப்பும், சிப் தன்னோட நம்பரைச் சொல்லும், வண்டியோட கம்ப்யூட்டர் அதைத் தன் பதிவுல தேடிப் பாத்து இருந்தா மட்டும் இன்ஜினை ஓட விடும். இதுக்குப் பேர் தான் இம்மொபிலைசர். ஐரோப்பாவுல 1998 அக்டோபர்லயே புது கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிட்டாங்க, வண்டித் திருட்டைத் தடுக்கத் தான். ஆகவே பட்டன் வேலை செய்ற பேட்டரி தீந்து போனாலும் இந்த மாதிரி சாவியில வண்டி ஸ்டார்ட் ஆகும், பயப்படாதீங்க. புஷ் ஸ்டார்ட் வண்டியிலயும் பெரும்பாலும் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலயே ஒட்டிப் பிடிச்சு அமுக்குனா ஸ்டார்ட் ஆகிரும் (இடம் வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல போட்டிருப்பான்), கதவைத் திறக்க ரிமோட்டுக்குள்ளயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிஞ்சிருக்கும். சாவி கெட்டுப்போச்சுன்னு பதறி வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு சிஆர் 2032 பேட்டரி ஒண்ணு மாத்துனாலே போதும், நூறு ரூபாயைத் தாண்டாது.

இப்ப ரேட். எங்க பக்கம் நடப்புல இருக்கிறதைச் சொல்றேன், ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். கையில ஒரு சாவி இருந்தா, சிப் மட்டும் உள்ள சாதா சாவி 1,500ல இருந்து 3,000, பட்டனோட வர்ற ஃபிளிப் (மடக்குற) சாவி 3,000ல இருந்து 6,000, புஷ் ஸ்டார்ட் ஸ்மார்ட் கீ 6,000ல ஆரம்பிச்சு 15,000 வரைக்கும் போகும். ஜெர்மன் வண்டிகள் தனிக் கணக்கு, நாப்பதாயிரம் ஐம்பதாயிரம்னு போறதைப் பாத்திருக்கேன், அதுல சில மாடலுக்கு நானே ஷோரூம் போங்கன்னு அனுப்பி விட்டுருவேன். ஷோரூம்ல சேஸிஸ் நம்பரை வச்சு ஆர்டர் போட்டு வரவழைப்பாங்க, சில நாள் ஆகும், விலையும் கூட, ஆனா கம்பெனி சாவி. வண்டி வாரண்டியில இருந்தா முதல்ல அங்க கேட்டுட்டு அப்புறம் எங்க மாதிரி ஆளுங்க கிட்ட வாங்க.

எல்லா சாவியும் தொலைஞ்சா கதையே வேற. பாத்துக் கட்டிங் போட சாவி இல்ல, ஏற்கனவே வண்டியில பதிவான சிப் இல்ல, வண்டி உங்களைத் திருடனாத் தான் பாக்கும். பின் கோட் (புது சாவியைப் பதிய வண்டி கம்ப்யூட்டர் கேக்குற ரகசிய நம்பர்) எடுக்கணும், சில வண்டியில பாதுகாப்புக்காக பதினஞ்சு இருபது நிமிஷம் காக்க வைக்கும், சிலதுல டேஷ்போர்டைப் பிரிச்சு கம்ப்யூட்டர் யூனிட்டை வெளிய எடுத்துத் தான் வேலை பாக்க முடியும். சில மாடலுக்கு ஷோரூம்ல லாக் செட்டையே மாத்தணும்னு சொல்லிருவாங்க. இதுல வண்டி பேட்டரி வீக்கா இருந்தா பெரிய ஆபத்து, சிப்பைப் பதியுற ப்ரோகிராம் ஓடிக்கிட்டு இருக்கும்போது வோல்டேஜ் இறங்குனா கம்ப்யூட்டரே முடங்கிரும். குற்றாலத்துலயும் அதான், கதவைத் திறந்ததும் பிள்ளைங்க லைட்டும் பாட்டுமா போட்டு வச்சிருந்தாங்க, சார்ஜரை மாட்டி அரை மணி நேரம் கழிச்சுத் தான் நான் ப்ரோகிராம் மிஷினையே கனெக்ட் பண்ணேன். அவசரப்படுத்துறாங்கன்னு இதைச் செய்யாம விடுற ஆள் கிட்ட வண்டியைக் குடுக்காதீங்க.

அடுத்து ஒண்ணு, இதை யாருமே கேக்குறது இல்ல. தொலைஞ்ச சாவி எங்கயோ யார் கையிலயோ இருக்கு, அது இன்னும் உங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணும். புது சாவி போடும்போதே பழைய சாவியைப் பதிவுல இருந்து அழிக்கச் சொல்லுங்க, அழிச்சிட்டா அது கதவை வேணா திறக்கும், இன்ஜின் ஓடாது. செகண்ட்ஸ் வண்டி வாங்குறவங்க இதைக் கண்டிப்பாச் செய்யணும். நிறைய வண்டியில எத்தனை சாவி பதிவாயிருக்குன்னு மிஷின்லயே காட்டும், உங்க கையில ஒண்ணு இருக்கும்போது மூணுன்னு காட்டுச்சுன்னா மத்த ரெண்டும் யார் கிட்ட இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு சாவியும் தராத வண்டிக்கு ஸ்பேர் சாவி காசை விலையிலயே குறைச்சுப் பேசுங்க. வண்டி திருடு போயி க்ளெய்ம் போகும்போது இன்சூரன்ஸ்காரங்க கேக்குற பொருள்ல எல்லா சாவியும் உண்டு, ஒண்ணு இல்லன்னா அது எங்க போச்சுன்னு நீங்க விளக்கம் குடுக்கணும், அதுல க்ளெய்ம் இழுத்துக்கிட்டே போகும். கீ ரீப்ளேஸ்மெண்ட்னு ஒரு ஆட்-ஆன் நிறைய பாலிசியில இருக்கு, உங்களுக்கு இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க, காசு கட்டிட்டு மறந்தவங்க எத்தனையோ பேர்.

கம்மி ரேட்டுன்னு போயி மாட்டுறது ரெண்டு விதம். ஒண்ணு, நல்லா ஓடுற சிப்பைக் கழட்டி ஸ்டியரிங்குக்குக் கீழ காயில் பக்கத்துல ஒட்டி வச்சிட்டு, வெறும் இரும்புச் சாவியைக் குடுத்துருவாங்க. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனா பூட்டுக்குள்ளயே சாவியை ஒட்டி வச்ச மாதிரி தான், எந்த இரும்பைத் திருகுனாலும் எடுத்துட்டுப் போயிரலாம். போன மாசம் கூட ஒரு வண்டியில டேப் சுத்தி இப்படி இருந்ததைப் பிச்சு எடுத்தேன், ஓனருக்கே தெரியாது. இன்னொண்ணு ஆன்லைன்ல வாங்குற பழைய ரிமோட். ஸ்மார்ட் கீ பல கம்பெனியில ஒரு வண்டியில பதிவாயிட்டா பூட்டிக்கும், வேற வண்டி ஏத்துக்காது, வாங்குன காசு போச்சு. வெளிக்கூடு மட்டும் உடைஞ்சிருந்தா கூடு மாத்துங்க, 300 - 400 ரூபா வேலை, ஆனா பழைய கூட்டைக் குப்பையில போடுறதுக்கு முன்னாடி அதுக்குள்ள அரிசி அளவுல ஒரு சிப் தனியா உக்காந்திருக்கான்னு பாருங்க. கூடு மாத்துன மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு குப்பைத்தொட்டியைக் கிளறுன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

தேஞ்ச சாவியைப் பாத்து காப்பி போட்டா தேய்மானமும் சேந்து காப்பியாகும். வண்டி எடுக்கும்போது சாவியோட ஒரு சின்ன தகடோ பிளாஸ்டிக் வில்லையோ நம்பரோட வந்திருக்கும், அதை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அந்த நம்பர் இருந்தா புதுசு மாதிரியே கட்டிங் போடலாம்.

ஸ்பேர் போட வரும்போது ஆர்சியும் உங்க அடையாள அட்டையும் எடுத்துட்டு வாங்க. "என்ன அண்ணாச்சி, நம்மளையே சந்தேகப்படுறீங்களா"ன்னு தெரிஞ்சவங்களே கோவிச்சுக்குவாங்க, ஆனா பேரு பாக்காம சாவி போடுற கடையில நாளைக்கு உங்க வண்டிக்கும் எவனோ ஒருத்தன் சாவி போட்டுருவான். சாவியை மட்டும் குடுத்து விட்டா ப்ரோகிராம் பண்ண முடியாது, வண்டியே வரணும். வீட்ல இருக்கிற மத்த சாவியையும் மறக்காம எடுத்துட்டு வாங்க, பல வண்டியில புதுசு பதியும்போது பக்கத்துல இல்லாத சாவி தானா அழிஞ்சிரும்.