ஃபான்ட் போட்டால் வராது, ஐயா

இந்த மாதத்தில் இது மூன்றாவது பென்டிரைவ். ஒரு கலை மன்றம் அனுப்பியது. அவர்களிடம் இருக்கும் கூத்துக் கையெழுத்துப் பிரதிகளின் பட்டியல்: எந்த ஊர் வாத்தியார், என்ன நாடகம், எத்தனை பக்கம் என்று ஆறு வருடம் உட்கார்ந்து தட்டியது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. செயலாளரைக் கூப்பிட்டேன். "தமிழ்லதானே தம்பி அடிச்சிருக்கோம்? ஃபான்ட் போட்டுப் பாருங்க, வந்துடும்" என்றார்.

பண்பாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றில் நிரல் எழுதுவது என் வேலை. பாதி நாள் இந்த "வந்துடும்"முடன் மல்லுக்கட்டுவதிலேயே போகிறது.

ஐயா, அது தமிழே இல்லை. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் 'அம்மா' என்று தட்டினால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவ்வளவுதான். ஃபான்ட் அதன்மேல் போட்ட வேஷம். கலைத்தால் உள்ளே இருப்பது ஆங்கிலம். அதனால்தான் அகரவரிசைப்படுத்தினால் மதுரை முன்னாலும் அம்பை பின்னாலும் வருகிறது, கே முந்தி எம் பிந்தி இல்லையா? தேடுபெட்டியில் எத்தனை முறை 'இரணியன்' என்று தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. வேர்டு வேறு தன் பங்குக்கு வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடும். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. 'அம்மா' 'ஆம்மா' ஆகிவிடுவாள்.

ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீடு யூனிகோடு. அதில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லித் தமிழக அரசு 2010லேயே ஆணை போட்டுவிட்டது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம், முதலில் திஸ்கி என்ற பழைய குறியீட்டில் ஏற்றிய நூல்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. தன்னார்வலர்கள் செய்த வேலை அது.

"பாமினி விரலுக்குப் பழகிடுச்சு" என்பவர்களுக்கு: பழக்கத்தை விடவே வேண்டாம். என்ஹெச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள் இலவசம். அதில் பாமினி விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துத் தட்டினாலும் யூனிகோடாகவே விழும்.

பழைய கோப்பை மாற்றுமுன் ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். எந்த ஃபான்ட் என்று எழுதி, அந்த ஃபான்ட் கோப்பையும் கூடவே போடுங்கள். வெறும் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்காதீர்கள், எக்செல்லிலாவது ஃபான்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், சிஎஸ்வியில் அதுவும் போய்விடும். மாற்றியதை விஷயம் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் பாருங்கள். இடையில் ஆங்கிலத்தில் எழுதிய எம்.ஏ. பட்டத்தின் எம் எழுத்தையும் மாற்றும் மென்பொருள் 'ஆ' ஆக்கியிருக்கும். ஃபான்ட் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுமுன், தயவுசெய்து, எங்களுக்கு ஒரு போன் அடியுங்கள்.

இந்த மன்றம் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டது. அனுப்பியதும் சிஎஸ்விதான். தட்டியவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அது பாமினியும் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தக் குறியீட்டிலும் அடங்கவில்லை.

அதே கோப்பிலிருந்து அச்சடித்த ஒரு பக்கம் இருந்தால் எழுத்துக்கு எழுத்து பொருத்தி அட்டவணை போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தேன். நேற்று செயலாளர் கூப்பிட்டார். ஆண்டு மலரில் நான்கு பக்கம் அந்தப் பட்டியலைப் போட்டிருந்தார்களாம். பஸ் பார்சலில் அனுப்புகிறார்.