72-இல் ஒரு பங்கு: ஸ்கேல் மாடல் உருவாகும் விதம்

1/72 மாடல் விமானம் என்றால், அசலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் 72-ஆல் வகுத்தது என்று பொருள். அசலில் ஆறடி இருப்பது மாடலில் ஓர் அங்குலம். 173 செ.மீ. உயரமுள்ள விமானி 24 மி.மீ. பொம்மையாகிவிடுவார். வகுப்பது சுலபம்; திரும்பப் பெருக்கிப் பார்த்தால்தான் வம்பு. இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் கால் மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், அசல் கணக்கில் அது 18 மி.மீ. விரல் நுழையும் பிளவு! மாடல் கட்டுபவர்கள் படும் பாடெல்லாம் பெரும்பாலும் இந்தப் பெருக்கலோடுதான்.

ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால் 1/48, அரை அங்குலம் என்றால் 1/24. ராணுவ டாங்கிகளின் 1/35 மட்டும் எந்த அங்குலக் கணக்கிலும் அடங்காது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கி ஒன்றை வடிவமைத்தபோது, உள்ளே பேட்டரிகள் அடங்கும் அளவுக்கு உடலை அமைத்தது. அப்படி வந்த 1/35 அளவே பிறகு வழக்கமாக நிலைத்துவிட்டது.

பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். உருகிய பிளாஸ்டிக்கை உயர் அழுத்தத்தில் உலோக அச்சுக்குள் செலுத்தி வார்க்கிறார்கள். அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசிகள் சிறு வட்டத் தடங்களை விட்டுப்போகும். தடிமனான இடங்கள் ஆறும்போது சுருங்கிக் குழிவிழும். மேலே படிந்திருக்கும் அச்சு எண்ணெய் பெயின்ட்டை ஒட்டவிடாது. அதனால் முதல் வேலை, பாகங்களைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவுவது. கொதிநீர் வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டக் கூடாது: 2 மி.மீ. தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவுங்கள். ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் பிளாஸ்டிக் வெளிறும், சில சமயம் பிய்ந்தே வரும்.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பசையின்றிப் பொருத்திப் பாருங்கள். மாடலுக்கான பசை உண்மையில் பசையே அல்ல, கரைப்பான். இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாகக் கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போகும். மிஞ்சுவது பற்றவைத்ததுபோன்ற இணைப்பு. அதனால்தான் பெயின்ட் அடித்த பரப்பில் அது பிடிக்காது, முதலில் சுரண்டியாக வேண்டும். இணைப்பை அழுத்தும்போது இளகிய பிளாஸ்டிக் நூல்போல வெளியே பிதுங்கினால் நல்லது, இடைவெளி தானே அடைபடும். ஆனால் கரைப்பான் முழுதாக வெளியேறும் வரை அந்த இடம் சுருங்கிக்கொண்டே இருக்கும். அன்றே தேய்த்துச் சமமாக்கினால், சில நாள் கழித்து பெயின்ட்டுக்கு அடியில் கோடு மறுபடி எட்டிப்பார்க்கும். குறைந்தது ஒரு நாள், தாராளமாகப் பசை விட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் காத்திருப்பதே புத்திசாலித்தனம். பிறகு 400, 600, 1000 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் எண் வரிசையில் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கலாம்.

மூக்குச் சக்கரம் உள்ள விமானமா? உடலின் இரு பாதிகளை மூடுவதற்கு முன்பே மூக்கில் ஈயக் குண்டு போன்ற எடை வையுங்கள். மறந்தால் விமானம் வாலில் உட்காரும். அதற்குப் பிறகு திறக்க வழியில்லை.

பெயின்ட்டிலும் அதே பெருக்கல். 0.05 மி.மீ. பூச்சு அசல் கணக்கில் 3.6 மி.மீ. ஆகிறது. தடித்த ஒரு பூச்சில் தகடுகளின் இணைப்புக் கோடுகள் மூழ்கிப்போகும். எனவே பெயின்ட்டைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் மெல்லிய பூச்சுகளாக அடிக்கிறார்கள். ஏர்பிரஷ்ஷைத் தூரத்தில் பிடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல்போல ஒட்டும். அருகில் பிடித்தால் வழியும்.

சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய படலமான டெக்காலை ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு தேவை. மங்கலான பரப்பு நுண்ணளவில் கரடுமுரடானது. டெக்கால் படலத்தின் அடியில் காற்று சிக்கிக்கொள்ளும், ஓரங்களில் வெள்ளி நிறம் மினுங்கும். டெக்கால் காய்ந்தபின் மங்கல் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு அடங்கும்.

விமானி இருக்கைக்கு மேல் வரும் கண்ணாடி மூடி கடைசியில். அதற்குச் சூப்பர் க்ளூ கூடாது: அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, கண்ணாடியில் வெண்புகையாகப் படியும். காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பி.வி.ஏ. பசை போதும், பிதுங்கியதை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.