எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் நடை எதற்கு?

"ஆபரேஷன் பண்ணின உடம்பு, அசையாம படுத்திரு அண்ணி." பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இந்த அறிவுரை ஆபத்தானது. சிங்கப்பூர் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாள் காலையோ தாதி வந்து எழுப்பிவிடுவார். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைப்பார். தலைசுற்றல் இல்லையென்றால் கழிவறை வரை நடை, பிறகு வார்டு நடைபாதையில் ஒரு சுற்று.

இந்த அவசரத்துக்குக் காரணம் காலின் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், ஓடும் ரத்தம். சிறு துளைகள் வழியே செய்யும் நுண்துளை அறுவையின்போது வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பி இடம் உண்டாக்குவார்கள். அந்த அழுத்தத்தால் காலிலிருந்து மேலே ஏறும் ரத்தம் மந்தமாகிறது. மயக்க மருந்தால் கெண்டைக்கால் தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன. போதாததற்கு, காயம் பட்ட உடலில் ரத்தம் எளிதில் உறையும். உடற்பருமனே அந்த உறைதலைக் கூட்டும். காலில் உண்டான ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இவ்வகை அறுவைக்குப் பின் நேரும் அரிதான மரணங்களுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்கால் தசை இறுகி, ஆழத்தில் ஓடும் சிரைகளை ஈரத்துணியைப் போல் பிழிகிறது. சிரைக்குள் உள்ள வால்வுகள் ரத்தத்தை மேலே மட்டுமே விடும், கீழே திரும்ப விடாது. வார்டில் காலில் சுற்றியிருக்கும் உறை காற்றை நிரப்பி நிரப்பி விடுவதும் இதே வேலைக்குத்தான். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டினாலும் பலன் உண்டு.

சிலருக்கு வயிற்றைவிடத் தோள்பட்டை அதிகமாக வலிக்கும். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால், மூளை அந்த வலியைத் தோளில் உணர்கிறது. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். நிமிர்ந்து நடந்தால் நுரையீரலின் அடிப்பகுதியும் நன்றாக விரிந்து, சளி தேங்காமல் காக்கும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள், தையல் இடத்தில் வலி குறையும்.

வீடு திரும்பிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 995ஐ அழையுங்கள். சும்மா இருக்கும்போதே நாடி 120க்கு மேல் நின்று, காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்தால் உள்ளே இரைப்பைத் தையலில் கசிவு இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஹெல்தி 365 செயலியில் அடிகளை எண்ணிப் புள்ளி சேர்ப்பது இங்கே பலருக்குப் பழக்கம். முதல் மாதம் அந்த எண்ணிக்கையை மறந்துவிடுங்கள் என்பேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை நடந்தாலே போதும். எடை இறங்குவது அந்த நடையால் அல்ல. இரைப்பையைக் குழாய்போல் ஒடுக்கும் ஸ்லீவ் அறுவை முறையில் அதன் ஏறக்குறைய 80 விழுக்காடு அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுவதால், சாப்பாடு தானாகவே குறைகிறது.

நம் ஊர் வெயில்தான் இங்கே பெரிய சிக்கல். காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிகிறது. உடல் குளிராததால் இன்னும் வியர்க்கிறது. முன்பென்றால் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துச் சரிசெய்திருப்பீர்கள். இப்போது இரைப்பை அதற்கு இடம் தராது. நாளுக்கு ஒன்றரை லிட்டரை வாய்வாயாகத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதனால் வெயில் ஏறுமுன் நடங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்தபின். பூங்கா இணைப்புப் பாதையில் ஒவ்வொரு பெஞ்சைக் கடக்கும்போதும் ஒரு மிடறு. மதியம்தான் நேரம் கிடைக்கிறது என்றால் குளிரூட்டிய கடைத்தொகுதிக்குள் நடக்கலாம். சிறுநீர் அடர்மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

எழுந்ததும் கண் இருட்டினால் தண்ணீர்க் குறைவு மட்டுமே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். எடையோடு ரத்த அழுத்தமும் இறங்கும்போது பழைய மாத்திரை அளவு மிகையாகிவிடும். இன்சுலினுக்கும் சில நீரிழிவு மாத்திரைகளுக்கும் இதே கதைதான். நடக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சர்க்கரை சட்டென்று கீழே போகும். மருந்தளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது தசையில்தான். சாப்பாடு மிகக் குறைந்த இந்த மாதங்களில் உடல் கொழுப்போடு தசையையும் கரைத்துச் செலவழிக்கிறது. தசை குறைந்தால், சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியும் குறையும். பின்னாளில் எடை திரும்ப ஏற அது வழிவிடும். நடை மட்டும் இதைத் தடுக்காது. நாளுக்கு குறைந்தது 60 கிராம் புரதமும், தசையை எதிர்த்து உழைக்க வைக்கும் பயிற்சியும் வேண்டும். ஆனால் வயிற்றுச் சுவரின் துளைகள் உறுதிப்பட நான்கிலிருந்து ஆறு வாரமாகும். அதற்குமுன் 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கினால் குடலிறக்கம் வரலாம். அதுவரை கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து உட்காருங்கள்; தொடைத் தசைக்கு அதுவே நல்ல வேலை. பிறகு பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி மீள்பட்டை (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை), எடைக் கருவி என்று ஏறலாம்.

முழங்கால் வலியால் நடையையே விட்டிருந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் 2005ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை 4 கிலோ குறைகிறது. 10 கிலோ இறங்கியவரின் முழங்காலுக்கு அடிக்கு 40 கிலோ மிச்சம்.

தெம்பு வந்ததும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கும் மேல். தூரம் பெரிதல்ல. விரதத்தில் புரதம் குறையும், காத்திருப்பில் தண்ணீர் குறையும், தலையில் சுமையும் இருக்கும். ஆறு வாரம்கூட ஆகாதவர் இந்த ஆண்டு குடத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு கூட நடக்கட்டும், அதுவும் மருத்துவர் சரி என்றால். அதற்குமேல் ஆனவர்கள் விரதத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று உணவியல் நிபுணரிடம் முன்கூட்டியே பேசிவிடலாம்.