வேற்றுக்கிரகவாசி: யார் இந்த ‘வாசி’?

போன மாதம் சேலத்தில் ஒரு பள்ளி ஆண்டுவிழாப் பட்டிமன்றம். ‘வேற்றுகிரகவாசிகள் உண்டா? பூமிக்கு வருவார்களா?’ என்று தலைப்பு. பேனரில் ஒரு ‘க்’ குறைந்தது, போகட்டும். ‘உண்டு, வருவார்கள்’ அணிப் பையன் வியாழனின் நிலவு யூரோப்பாவைப் பிடித்துக்கொண்டான். பனி ஓட்டுக்கு அடியில் கடல், அதில் நுண்ணுயிர் இருக்கலாம், “ஆகவே வேற்றுகிரகவாசி உண்டு!” எதிரணி மாணவி எழுந்தாள். “யூரோப்பா நிலாதானுங்களே, கிரகம் இல்லீங்களே? அப்புறம் பாக்டீரியா எப்படிங்க ‘வாசி’ ஆகும்?” கூட்டம் சிரித்தது, நடுவர் மணியடித்தார். அன்றைக்குக் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

பிரித்துப் பார்த்தால் ‘வேற்று’ தமிழ். ‘கிரகம்’, ‘வாசி’ வடமொழி. வாசி என்றால் குடியிருப்பவர். கிரகம் என்றால் பற்றிக்கொள்வது. நம் ‘கோள்’ என்பதும் ‘கொள்’ளில் பிறந்து அதே பொருளைத்தான் தருகிறது. இதற்கான ஆங்கிலச் சொல் ‘ஏலியன்’ லத்தீன் வழி வந்தது. பிறனுக்கு உரியது என்பது மூலப்பொருள். அமெரிக்கச் சட்டத்தில் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவரும் ஏலியன்தான்.

வடமொழி கலந்ததால் எனக்குக் கோபமில்லை. மூன்று தனிக் கேள்விகளை இந்த ஒரே சொல் கட்டிப்போடுகிறது, அதுதான் கோபம். எங்காவது உயிர் உண்டா என்பது முதல் கேள்வி. யூரோப்பாவும் சனியின் நிலவு என்செலடஸும் அதற்கு உரியவை. அறிவுள்ள உயிர் உண்டா என்பது அடுத்தது. 1961-ல் வானியலாளர் பிராங்க் டிரேக் எழுதிய சமன்பாடு இதைத்தான் ஏழு காரணிகளாக உடைத்தது. கடைசிக் காரணிகளுக்கு இன்றும் ஊகம்தான் விடை. இங்கே வர முடியுமா என்பது மூன்றாவது. “எல்லாரும் எங்கே?” என்று 1950-ல் இயற்பியலாளர் பெர்மி சாப்பாட்டு மேசையில் கேட்டது அதைத் தொட்டுத்தான். சூரியனை விட்டால் மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டுத் தொலைவு. நொடிக்கு 17 கி.மீ. ஓடும் வாயேஜர்-1 விண்கலம் அந்தத் திசையில் போனாலும் 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். பையன் முதல் கேள்விக்கு விடை சொல்லி மூன்றாவதற்கு மதிப்பெண் கேட்டான். ‘வாசி’ என்றாலே வீடு வாசலோடு ஒரு ஆள் வந்து நிற்கிறாரே, அவன் என்ன செய்வான்!

விழா முடிந்து அஸ்தம்பட்டி டீக்கடையில் தமிழாசிரியர் ஒருவர் “வேற்றுக்கோளினர்னு போட்டா தீர்ந்துதுங்க” என்றார். எங்கே தீர்ந்தது? வடமொழி போயிற்று, நோய் அப்படியே இருக்கிறது. கோளில்தான் உயிர் இருக்கவேண்டும், அதுவும் ஆளாக இருக்கவேண்டும் என்கிற இரண்டு பிழையும் தூய தமிழில் வந்துவிட்டன. ‘கோள்’ புதுச்சொல் என்று நான் எதிர்க்கவில்லை. சம்பந்தரே கோளறு பதிகம் பாடியிருக்கிறார். ‘விண்ணவர்’ என்று ஒருவர் எழுதுகிறார், அது தேவர்களுக்குப் பட்டா போட்ட சொல். ‘புறவுலகவாசி’யும் ஆகாது, மனத்துக்கு வெளியே உள்ளதெல்லாம் மெய்யியலில் புறவுலகு, அப்படியானால் நானே புறவுலகவாசி. அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவைக்கும் மொழிபெயர்ப்பாளர்களை ஒரு வாரம் காப்பித் தோட்டத்தில் களையெடுக்க விடவேண்டும்.

உண்மையாகத்தான் சொல்கிறேன். ஏற்காட்டில் தோட்டத்து வேலைக்குப் போகும் எங்கள் அத்தை வெளியூர் ஆளை ‘அசலூருக்காரங்க’ என்பார். கலப்படமில்லாத ‘அசல்’ உருது வழி வந்தது, அது வேறு. இது ‘அயல்’, உயிர் ‘உசுரு’ ஆனதுபோல ய சகரமானது. அண்டை அசல் என்கிறோமே, அதே அசல். எனவே பொதுவாக ‘அயலுலக உயிர்’. அறிவுள்ளதென்று தெரிந்தால் மட்டும் ‘அயலுலகர்’. உலகம் என்றால் கோளும் அடங்கும், நிலவும் அடங்கும்.

‘பறக்கும் தட்டு’ கதையும் இப்படித்தான். 1947-ல் கென்னத் அர்னால்டு என்ற அமெரிக்க விமானி ஒன்பது பொருள்கள் பறந்ததாகச் சொன்னார். நீர்மேல் சாசரை வீசினால் தத்திப் போவதுபோல என்று அவர் சொன்னது அசைவை. ஏற்காடு ஏரியில் பையன்கள் ஓட்டாஞ்சில்லு விடுவார்களே, அந்த அசைவு. பத்திரிகைகள் அதை உருவமாக்கின. நம்மவர் சாசரையும் தட்டாக்கிவிட்டார்கள். எனக்கோ இன்றுவரை அந்தச் சொல்லைக் கேட்டால் வானத்தில் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுதான் தெரிகிறது.