‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தின் பிற்பகுதி: ஒரு மனநல மருத்துவரின் பார்வை

போதை மீட்புச் சிகிச்சைக்கு வரும் இளைஞர்கள் சிலரின் கைப்பேசித் திரையில் அல் பசினோவின் படத்தை அவ்வப்போது பார்க்கிறேன். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான பின்னணியில் அவர் நிற்கும், 1983-இல் வெளிவந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தின் அந்தப் புகழ்பெற்ற சுவரொட்டிதான். படம் வந்த காலத்தில் இந்த இளைஞர்களின் பெற்றோரே பள்ளிப் பிள்ளைகள். ஆனாலும் அதில் பசினோ நடித்த நாயகன் டோனி மொன்டானா இவர்களுக்கு நேற்றுப் பழகியவன் போல நெருக்கமானவன். “எதற்கும் அஞ்சாதவன் டாக்டர்” என்பார்கள். கதையைச் சொல்லச் சொன்னால் அகதியாக வந்தது, முதலாளியை வீழ்த்தியது, மாளிகை கட்டியது எல்லாம் வரிசையாக வரும். அங்கிருந்து நேரே கடைசித் துப்பாக்கிச் சண்டைக்குத் தாவிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே படத்தில் ஒரு மனிதன் கண்ணெதிரே நோயாளியாகிறான். அந்தப் பகுதி மட்டும் அவர்கள் நினைவில் தங்குவதில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1980 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் புளோரிடா வந்து சேர்ந்தார்கள். ஃபிடல் காஸ்ட்ரோவின் அரசு சிறையில் இருந்த சிலரையும் அவர்களோடு ஏற்றி அனுப்பியது. அப்படி வந்தவனாகப் படைக்கப்பட்ட பாத்திரம்தான் டோனி. மயாமியில் ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, ஃபிராங்க் லோபஸ் என்ற கொக்கைன் வியாபாரியிடம் சேர்கிறான். பொலிவியாவில் இருக்கும் சோசாவிடம் நேரடியாகச் சரக்கு வாங்க வழி செய்துகொள்கிறான். லோபஸைத் தீர்த்துக்கட்டி, அவனுடைய இடத்தையும் அவனோடு இருந்த எல்விராவையும் தனதாக்கிக்கொள்கிறான். மரியல் வழியாக வந்தவர்களில் கடுங்குற்றப் பின்னணி உள்ளவர்கள் மிகச் சிறிய பகுதியினரே. தங்கள் சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாகக் காட்டிவிடுவார்கள் என்று மயாமியின் கியூபர்கள் எதிர்த்ததால், படப்பிடிப்பின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மாற்றப்பட்டது. அவர்களுடைய கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இயக்குநர் பிரையன் டி பால்மா. திரைக்கதை ஆலிவர் ஸ்டோன். அந்தக் காலத்தில் ஸ்டோன் தாமே கொக்கைன் பழக்கத்தில் சிக்கியிருந்தார். அதை விட்டொழிப்பதற்காகப் பாரிஸ் நகருக்குப் போய், அங்கே இருந்துகொண்டு இந்தத் திரைக்கதையை எழுதினார். அவரே இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தின் பிற்பகுதி ஒரு மருத்துவக் குறிப்பேட்டைப் போல அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன். அது உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது.

தொடக்கத்தில் ஒரு காட்சி. லோபஸ் டோனிக்குத் தொழிலின் முதல் பாடத்தைச் சொல்லித் தருகிறான்: அடுத்தவனின் பேராசையை ஒருபோதும் குறைத்து மதிப்பிடாதே. இரண்டாவது பாடத்தைச் சொல்பவள் எல்விரா: விற்கிற சரக்கை நீயே உட்கொள்ளாதே. அதைச் சொல்லும்போதே அவள் அந்தப் பொடிக்கு அடிமையாக இருக்கிறாள். டோனியும் கேட்டுக்கொள்கிறான். படம் முடியும்போது மேசை மேல் குவித்த பொடியில் முகம் புதைத்துக் கிடப்பவனும் அவன்தான். “படித்த பையன், கெடுதல் என்று தெரியாதா?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். தெரியும். எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். தெரிந்திருப்பது ஒருவரை இந்த நோயிலிருந்து காப்பாற்றுவதில்லை. அதனால்தான் அறிவுரை மட்டும் சிகிச்சை ஆவதில்லை.

இனி அந்த மறந்துபோன பகுதிக்கு வருவோம். மாளிகைக்குள் பெரிய குளியல் தொட்டியில் டோனி கிடக்கிறான். எதிரே தொலைக்காட்சி. அதில் வருகிற எல்லோரையும் திட்டுகிறான். வங்கிக்காரன் ஏமாற்றுகிறான் என்கிறான். வீடெங்கும் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி, அதற்கே பெரும் பணத்தைக் கொட்டுகிறான். கியூபாவிலிருந்தே கூட வந்த நண்பன் மேனி இது அதிகம் என்று சொன்னால் மேனியின் மீதே பாய்கிறான். பார்க்கிறவர்கள் இதைப் பணம் தந்த திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இங்கே தெரிவது தூக்கம் கெட்ட மூளை.

கொக்கைன் மூளையில் செய்வது இதுதான். இன்பமும் ஊக்கமும் தரும் டோபமின் என்ற வேதிப்பொருளை நரம்புச் செல்கள் சுரந்தபின் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொக்கைன் அந்த வழியை அடைத்துவிடும். டோபமின் தேங்கி நிற்கும்போது உலகமே தன் கைக்குள் இருப்பதாகத் தோன்றும். மூக்கில் இழுத்தால் அந்த உச்சம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. இறங்கும்போது எரிச்சலும் வெறுமையும் வரும், உடனே அடுத்தது வேண்டும். இப்படியே தொடர்ந்தால் இயல்பான சந்தோஷங்கள், அதாவது சாப்பாடு, நண்பர்கள், குழந்தை முகம், எதுவும் மனதைத் தொடாமல் போகும். உணவு விடுதியில் டோனி, வாழ்க்கை இவ்வளவுதானா என்று புலம்பும் காட்சியைத் தத்துவம் என்று மேற்கோள் காட்டுகிறார்கள். எங்கள் துறையில் அதற்கு இன்பமுணரா நிலை என்று பெயர். அது ஒரு நோய்க்குறி.

அடுத்து வருவது சந்தேகம். இதுதான் குடும்பத்தினர் முதலில் கவனிக்க வேண்டியதும், கடைசியில் புரிந்துகொள்வதும். மூக்கில் ரத்தம் வருவதையும் கண் சிவப்பதையும் தேடிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் பையன் ஜன்னல் திரையை எப்போதும் மூடி வைப்பான், கைப்பேசியை யாரோ ஒட்டுக் கேட்பதாகச் சொல்வான், நெருங்கிய நண்பனைத் துரோகி என்பான். 1884-இல் சிக்மண்ட் ஃபிராய்ட் கொக்கைனைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார். மார்ஃபின் பழக்கத்தால் தவித்த தம் நண்பர் ஃபிளைஷ்ல் மார்க்ஸோவுக்கு மாற்றாகக் கொக்கைனைப் பரிந்துரைத்தார். அந்த நண்பர் கொக்கைனுக்கும் அடிமையாகி, தோலுக்கடியில் பூச்சிகளும் பாம்புகளும் ஊர்வதாக அலறும் நிலைக்குப் போனார். இந்தப் பொருள் மனத்தைக் குலைக்கும் விதம் மருத்துவத்துக்கு அப்போதிருந்தே தெரியும்.

படத்தின் முடிவில் டோனி செய்வதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். தங்கை ஜீனாவோடு ஒரே வீட்டில் மேனியைப் பார்த்ததும் சுட்டுக் கொல்கிறான். இருவருக்கும் முதல் நாள்தான் திருமணம் நடந்தது என்பதைக் கேட்கும் அளவுக்குக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. பிறகு அறைக்குள் பொடிக் குவியலின் முன் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவு செலவழித்துப் பொருத்திய கண்காணிப்புத் திரைகளில், இதற்குள் பகைவனாகிவிட்ட சோசாவின் ஆட்கள் சுவரேறி வருவது தெரிகிறது. அவன் பார்க்கவில்லை. இல்லாத எதிரிகளைத் தேடித் தேடி, வந்துவிட்ட எதிரியைக் காணாமல் போகிறான்.

அப்புறம் அந்தச் சண்டை. குண்டுகள் பாய்ந்தும் விழாமல் நின்று கத்துகிறானே, அதைத்தான் இளைஞர்கள் வீரம் என்கிறார்கள். அவ்வளவு கொக்கைன் உடலில் இருப்பவனுக்கு வலி மங்கியிருக்கும், ஆபத்து உறைக்காது. ஆனால் அதே நேரத்தில் இதயம் தறிகெட்டு ஓடும், ரத்த அழுத்தம் ஏறும், உடல் கொதிக்கும், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கும். கொக்கைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் 24 மடங்கு உயர்வதாக 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கூடவே மதுவும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலீன் என்ற இன்னொரு பொருள் உண்டாகி, இன்னும் நீண்ட நேரம் இதயத்தைத் தாக்கும். இருபது வயதுக்காரர் நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்கு வந்தால், என்ன உட்கொண்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வழக்கமாகத் தரும் சில இதய மருந்துகள் இந்த நிலையில் ஆபத்தாகலாம். மானம் போய்விடும் என்று மறைக்கிற அந்த ஐந்து நிமிடங்களில் உயிர் போகலாம்.

எல்விராவைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். மிஷெல் ஃபைஃபர் அந்தப் பாத்திரத்தில் சாப்பாட்டைத் தொடாமல், மெலிந்து, கண்ணாடி முன் உட்கார்ந்து பொடியை இழுத்துக்கொண்டே இருப்பார். ஊரார் நடுவில் டோனி, அவளுக்குக் குழந்தை பெறும் தகுதி இல்லை என்று இழிவாகப் பேசுகிறான். தான் விற்பதும் தான் எடுப்பதும் அதே பொடிதான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. போதையில் விழுந்த பெண்ணைக் குடும்பம் இரட்டைப் பழியோடு நடத்துவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். மகனை இழுத்துப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்து வருகிறவர்கள், மகள் என்றால் மறைத்து வைக்கிறார்கள். அவள் வந்து சேரும்போது நோய் முற்றியிருக்கிறது.

படத்தில் உண்மையிலேயே அஞ்சாதவர் ஒருவர் உண்டு. டோனியின் தாய். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மகன் ஆயிரம் டாலரை நீட்டுகிறான். வாங்க மறுக்கிறார். எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார். ஆனால் ஜீனா பின்னாலேயே ஓடிப்போய் அந்தப் பணத்தை வாங்கிக்கொள்கிறாள். கணக்கில் வராத பணம் வீட்டுக்குள் வரும் கட்டத்தில் குடும்பம் பெரும்பாலும் இரண்டாகப் பிரிவது இப்படித்தான். கேள்வி கேட்பவர் வீட்டிலேயே தனித்துவிடப்படுகிறார்.

படம் பேசும் மயாமி கற்பனை அல்ல. 1981-இல் அந்த மாவட்டத்துப் பிணவறையில் இடமில்லாமல் குளிரூட்டிய லாரியை வாடகைக்கு எடுத்து உடல்களை வைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1986-இல், அமெரிக்கா கடுமையான சட்டம் கொண்டுவந்தது. கிராக் எனப்படும் புகைக்கும் கொக்கைன் 5 கிராம் விற்றால் கிடைக்கும் அதே ஐந்தாண்டுக் கட்டாயச் சிறை, பொடி வடிவில் 500 கிராம் விற்றவருக்குத்தான் கிடைத்தது. ஏழைக் கறுப்பின இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அந்த நூறுக்கு ஒன்று என்ற கணக்கை 2010-இல்தான் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைத்தார்கள். டோனியைப் போல ஆகலாம் என்று நினைத்தவர்களில் மாளிகை கட்டியவர்கள் அபூர்வம். படத்திலும் கடைசிவரை உயிரோடும் செல்வத்தோடும் இருப்பவன் தன் நாட்டைவிட்டு அசையாத சோசாதான்.

என் மருத்துவமனைக்குக் கொக்கைன் பழக்கத்தோடு வருகிறவர்கள் குறைவு. அதிகம் பார்ப்பது கஞ்சா, வலி நிவாரணி மாத்திரைகள், அண்மைக் காலத்தில் மெத்தம்பெட்டமின். இவற்றில் மெத்தம்பெட்டமின் கொக்கைனைப் போலவே தூக்கத்தைக் கெடுத்து, சந்தேகத்தைக் கிளப்பி, இன்னும் நீண்ட நேரம் உடலில் தங்குகிறது. ஆகவே அறிகுறிகளை வீட்டார் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருந்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழாமல் தூங்குவது, பசியே இல்லாமல் மெலிவது, திடீரென்று தாராளமாகச் செலவழித்துவிட்டுப் பிறகு ஓயாமல் கடன் கேட்பது, பழைய நண்பர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காணாமல் போவது. இவை சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம்.

பேசுவதற்கு நேரம் பாருங்கள். போதை ஏறியிருக்கும்போது பேசாதீர்கள். தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, ஒருவர் மட்டும், குரல் உயர்த்தாமல் பேசுங்கள். “நீ தூங்கி மூன்று நாள் ஆகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது” என்று கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். சந்தேகம் தலைக்கேறி இருக்கும்போது அவர் சொல்வதை வாதாடி மறுக்க வேண்டாம். உங்கள் பாதுகாப்பை முதலில் பாருங்கள். இந்தப் பொருள்களை நிறுத்திய முதல் சில நாள்களில் மனம் பாதாளத்துக்கு இறங்கும், தற்கொலை எண்ணம் வரலாம். “விட்டுவிட்டான், இனி கவலையில்லை” என்று தனியே விடாதீர்கள். கொக்கைன் பழக்கத்துக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து இதுவரை இல்லை. ஆனால் முறையான உளவியல் சிகிச்சை பலன் தருகிறது. பழக்கம் திரும்புவது இந்த நோயின் இயல்பு. திரும்பினால் சிகிச்சையைத் தொடர வேண்டும், அவ்வளவுதான்.

அடித்துத் திருத்துகிறோம், சங்கிலி போட்டு வைத்துக் குணமாக்குகிறோம் என்று சொல்லும் இடங்களுக்கு அனுப்பாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது, போதையால் வரும் மனநலக் குறைபாடுகளும் அதே சட்டத்தின் கீழ் வருகின்றன. சேர்க்கும் முன் அந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். போலீஸ் வழக்கு வந்துவிடும் என்ற பயத்தில் வராமல் இருப்பவர்கள் அதிகம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர் தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கு போய்விடலாம். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள். வீட்டில் கிடைத்த மாத்திரை அட்டை ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். எத்தனை நாள் தூங்கவில்லை, எவ்வளவு கடன், யாரைச் சந்தேகிக்கிறார் என்பதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தம் பேச்சையும் பணம் தரும் விதத்தையும் மாற்றிக்கொண்ட பிறகு, சில வாரங்களிலோ மாதங்களிலோ நோயாளி தாமே வந்து உட்கார்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.